தலைவர் இல்லாத ஊராட்சி, இருபது நிமிடக் கிராம சபை: தீர்மானத்தை எப்படி நிற்க வைப்பது?

கேள்வி: கோரையாற்றங்கரை

திருவாரூர் மாவட்டத்தின் கடைமடைப் பக்கம், நான்கு குக்கிராமங்கள் சேர்ந்த ஊராட்சி. மக்கள்தொகை 2,700 அளவில். பெரும்பாலும் விவசாயக் கூலி வேலை செய்யும் குடும்பங்கள். வீட்டுக்கு ஒருவராவது திருப்பூரிலோ கேரளத்திலோ இருக்கிறார். 2019 டிசம்பரில் தேர்ந்தெடுத்த தலைவர், வார்டு உறுப்பினர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5இல் முடிந்தது. அதன்பின் தனி அலுவலர் நிர்வாகம், அதாவது தலைவருக்குப் பதில் அரசு அலுவலர் ஒருவர் ஊராட்சியை நடத்துகிறார்.

கிராம சபை நடக்கிறது. ஆனால் இருபது நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. ஏற்கெனவே தட்டச்சு செய்த தீர்மானங்களை வாசிக்கிறார்கள். மக்கள் பேசியது புத்தகத்தில் ஏறுவதில்லை. கையெழுத்துத் தாள் மறுநாள் வேலைத்தளத்துக்குப் போய் நிரம்பி வருகிறது.

கேட்க வேண்டியவை நான்கு. கிராம சபைத் தீர்மானம் பிறகு யாராலும் மாற்ற முடியாதபடி பதிவாக என்ன செய்ய வேண்டும்? வெளியூர் வேலைக்குப் போனவர்களின் பெயர் வாக்காளர் பட்டியலில் நிலைக்க வழி என்ன? வேலையும் கூலியும் கேட்கும் பெண்களுக்கு எந்தத் தாள் கையில் இருக்க வேண்டும்? கடைசியாக, சட்ட மாற்றம் கேட்டு ஊர் இளைஞர்கள் ஒரு மனு எழுதுகிறார்கள். அதில் எதைக் கேட்டால் உருப்படியாக இருக்கும்? அனுபவமுள்ளவர்கள் விவரமாகச் சொல்லுங்கள்.

பதில் 1: வெண்ணாறு

முதல் கேள்விக்கு மட்டும் எழுதுகிறேன், அதுதான் அடிப்படை.

ஏன் இருபது நிமிடத்தில் முடிகிறது என்பதற்குக் கணக்கு இருக்கிறது. திருவாரூர் மாவட்டத்தில் 10 ஒன்றியம், 430 ஊராட்சி. தஞ்சாவூரில் 14 ஒன்றியம், 589 ஊராட்சி. மயிலாடுதுறையில் 5 ஒன்றியத்துக்கு 241. தனி அலுவலராக இருப்பவர் வட்டார வளர்ச்சி அலுவலர்; சராசரியாக அவர் ஒருவர் தலையில் நாற்பதுக்கு மேல் ஊராட்சிகள். எல்லா ஊரிலும் கிராம சபை ஒரே நாளில், ஒரே நேரத்தில். அவர் எல்லா ஊருக்கும் வர முடியாது. அவருக்குப் பதில் கூட்டத்தைக் கவனிக்கப் பற்றாளர் ஒருவரை அனுப்புவார்கள். பற்றாளருக்கு ஊர் தெரியாது, கையில் இருப்பது மேலிருந்து வந்த பொருள் பட்டியல். ஆகவே நம் பொருள் அந்தப் பட்டியலில் முன்கூட்டியே ஏறியிருக்க வேண்டும். அன்றைக்கு எழுந்து நின்று பேசுவதை மட்டும் நம்பினால் பேச்சு காற்றோடு போகும்.

கிராம சபை ஆண்டில் ஆறு நாள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. கூட்ட அறிவிப்பு குறைந்தது 7 நாளுக்கு முன் வர வேண்டும். அதனால் 15 நாள் முன்னதாகவே, "வரும் கிராம சபைப் பொருளில் சேர்க்க வேண்டியவை" என்று தலைப்பிட்டு, தனி அலுவலருக்கு ஒரு கடிதம். நகல் மாவட்ட ஆட்சியரகத்தில் உள்ள உதவி இயக்குநர் (ஊராட்சிகள்) அலுவலகத்துக்கு. ஒன்றிய அலுவலகத்தில் நேரில் கொடுத்தால் உங்கள் பிரதியில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். முத்திரை போட மறுத்தால் ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபால். ஒரு கடிதத்தில் மூன்று பொருளுக்கு மேல் வேண்டாம். பத்துப் பொருள் எழுதினால் பத்தும் "இதர பொருட்கள்" என்ற ஒற்றை வரிக்குள் அடங்கிவிடும்.

இடத்தையும் அதே கடிதத்தில் கேளுங்கள். கிராம சபையைக் குக்கிராமங்களில் சுழற்சி முறையில் நடத்த வேண்டும், மதச்சார்புள்ள வளாகத்தில் நடத்தக்கூடாது என்று ஒவ்வொரு முறையும் ஆட்சியர் அறிவிப்பிலேயே வருகிறது. டெல்டாவில் இது சின்ன விஷயம் அல்ல. கோயில் மண்டபத்திலோ மேலத் தெருவிலோ கூட்டம் போட்டால் தலித் குடியிருப்பிலிருந்து வருகிறவர்கள் ஓரமாக நின்றுவிட்டுத் திரும்புவார்கள். சென்ற மூன்று கூட்டம் எங்கே நடந்தது என்று தேதியோடு எழுதி, அடுத்தது எங்கே என்று கேட்டால் பதில் சொல்லாமல் இருக்க முடியாது.

குறைவெண், அதாவது கூட்டம் செல்லுபடியாக வந்திருக்க வேண்டிய குறைந்தபட்ச ஆட்கள். மக்கள்தொகை 500 வரை இருந்தால் 50 பேர். 501 முதல் 3,000 வரை 100 பேர். 3,001 முதல் 10,000 வரை 200. அதற்கு மேல் 300. உங்கள் ஊருக்கு 100. கையெழுத்துத் தாள் வேலைத்தளத்துக்குப் போவதே இந்த எண்ணுக்காகத்தான். நூறு பேர் நிஜமாகவே வந்து உட்கார்ந்தால் அந்தத் தேவை இருக்காது. மே 1 கோடை வெயிலிலும், நவம்பர் 1 ஐப்பசி மழையிலும் வருகின்றன என்பதால் பந்தல், நாற்காலி, குடிநீர் என்று கேட்டு வாங்குங்கள்.

கூட்டத்தில் முதலில் பார்க்க வேண்டியது பிளக்ஸ் பேனர். ஊராட்சியின் வரவு செலவு அறிக்கையான படிவம் 30இன் சுருக்கம் அங்கே வைக்கப்பட வேண்டும். அதைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு மத்திய அரசின் இ-கிராம் ஸ்வராஜ் தளத்தில் உங்கள் ஊராட்சியின் திட்டப் பணிகளும் செலவுகளும் இருக்கும். இரண்டையும் ஒப்பிட்டால் அடுத்த கூட்டத்துக்கான கேள்வி தானாகக் கிடைக்கும்.

இனி தீர்மான வாசகம். இங்கேதான் பெரும்பாலும் தோற்கிறோம். "வாய்க்கால் தூர்வாருவது பற்றி விவாதிக்கப்பட்டது" என்று எழுதினால் அது தீர்மானமே அல்ல. விவாதித்தார்கள், அவ்வளவுதான். "தீர்மானிக்கப்பட்டது" என்ற சொல் வேண்டும். அதோடு எந்த இடம், எவ்வளவு நீளம், யார் செய்ய வேண்டும், எப்போதைக்குள், அடுத்து எங்கே கணக்குச் சொல்ல வேண்டும் என்ற ஐந்தும் வேண்டும். மாதிரிக்கு:

"கீழத்தெரு முதல் சுடுகாடு வரை செல்லும் சுமார் 400 மீட்டர் மண்பாதை மழைக்காலத்தில் நடக்க முடியாத நிலையில் இருப்பதால், இப்பாதையை வரும் ஆண்டின் கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தில் முதல் பணியாகச் சேர்ப்பது எனவும், ஒன்றியப் பொறியாளரிடம் 30 நாட்களுக்குள் மதிப்பீடு பெறுவது எனவும், எடுக்கப்பட்ட நடவடிக்கையை அடுத்த கிராம சபையில் முதல் பொருளாக வாசிப்பது எனவும் ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது."

நீளத்தை நீங்களே சங்கிலியிலோ கயிற்றிலோ அளந்து போடுங்கள். அளவு இல்லாத தீர்மானத்துக்கு மதிப்பீடு வராது.

யாருக்குச் சொந்தமோ அவருக்கு எழுத வேண்டும். தெருவிளக்கு, மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி, ஊர்த் தெரு ஊராட்சியுடையது, நேரடியாகத் தீர்மானிக்கலாம். பாசன வாய்க்காலும் ஆற்றுக் கரையும் நீர்வளத் துறையுடையவை என்றால் உதவிப் பொறியாளரை "கேட்டுக்கொள்வது" என்றுதான் எழுத முடியும். ஜூன் 12 மேட்டூர் திறப்புக்கு முன் வேலை நடக்க வேண்டுமானால் இந்தத் தீர்மானம் மார்ச் 22 கூட்டத்திலேயே ஏற வேண்டும், மே 1 தாமதம். நேரடி நெல் கொள்முதல் நிலையம் பற்றியது என்றால் நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் மண்டல அலுவலகம். பட்டா என்றால் தாசில்தார். தவறான அலுவலகத்துக்குப் போன தீர்மானம் "எமது வரம்புக்கு உட்பட்டதல்ல" என்ற ஒரு வரியோடு ஆறு மாதம் கழித்துத் திரும்பும்.

கூட்டம் முடியும்போது புத்தகத்தை மூடவிடாதீர்கள். கடைசித் தீர்மானத்துக்குக் கீழே கோடு இழுத்து, "மொத்தம் இத்தனை தீர்மானங்களுடன் கூட்டம் நிறைவடைந்தது" என்று எழுதி, பற்றாளரும் ஊராட்சிச் செயலரும் கையெழுத்திட வேண்டும். இடையில் வெற்றுப் பக்கமோ வெற்று வரியோ இருந்தால் அடித்துவிடச் சொல்லுங்கள். பிறகு நுழைக்கப்படும் தீர்மானங்கள் அந்த இடைவெளியில்தான் உட்காரும். எல்லாப் பக்கத்தையும் அங்கேயே படம் எடுத்துவிடுங்கள்.

பத்து நாள் கழித்து நகல் கேட்டு எழுதுங்கள். வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம்: 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்கு. "தீர்மானம் ஏன் நிறைவேறவில்லை" என்று கேட்காதீர்கள். காரணம் கேட்டால் தட்டிக் கழிக்க இடம் கிடைக்கும். "இந்தத் தேதிக் கிராம சபையின் தீர்மானப் பதிவேடு, வருகைப் பதிவேடு நகல், அத்தீர்மானங்கள் மீது அனுப்பப்பட்ட கடிதங்களின் நகல்" என்று ஆவணத்தைக் கேளுங்கள். 30 நாளில் பதில் இல்லை என்றால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதுவும் பயன் இல்லையென்றால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம்.

ஒரு எச்சரிக்கை. ஒடிசாவின் நியமகிரியில் 12 கிராம சபைகள் சுரங்கத்தை மறுத்தன, அது நின்றது என்று பலர் எடுத்துக்காட்டுவார்கள். அங்கே கிராம சபைகளிடமே கேட்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013இல் சொன்னதற்கு அடிப்படை வன உரிமைச் சட்டம். நம் ஊர்க் கிராம சபைக்கு அந்தச் சட்ட வலு அப்படியே வராது. ஆனால் வலுவே இல்லை என்றும் நினைக்காதீர்கள். ஹைட்ரோகார்பனுக்கு எதிராக டெல்டா கிராம சபைகள் ஆண்டுக்கணக்கில் போட்ட தீர்மானங்கள் சேர்ந்த அழுத்தம் சிறிதல்ல. 2020 பிப்ரவரியில் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்தது. அப்போது சட்டத்துக்குள் வந்தவை தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களும், கடலூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் சில ஒன்றியங்களும். திருச்சி, அரியலூர், கரூர் விடுபட்டன. அந்தக் குறை இன்னும் பேசப்பட வேண்டியது.

பதில் 2: பாகம் எண் 112

வாக்காளர் பட்டியல் பற்றி.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். உள்ளாட்சித் தேர்தலுக்குத் தனிப் பட்டியல் கிடையாது; சட்டமன்றப் பட்டியலை எடுத்து வார்டு வாரியாகப் பிரிப்பார்கள். சட்டமன்றப் பட்டியலில் பெயர் போனால் ஊராட்சி ஓட்டும் சேர்ந்தே போகும்.

புதிதாகச் சேர படிவம் 6. நீக்கக் கோர அல்லது ஆட்சேபிக்க படிவம் 7. முகவரி மாற்றம், பிழைத் திருத்தம், அட்டை மாற்றம் எல்லாம் படிவம் 8. தகுதித் தேதி ஆண்டுக்கு நான்கு: ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1. பதினெட்டு நிரம்பிய பிள்ளைகள் அடுத்த ஜனவரி வரை காத்திருக்க வேண்டியதில்லை.

வெளியூர் வேலைக்குப் போனவர்கள் விஷயத்தில் 1950ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 20ஆம் பிரிவைப் படித்து வைத்துக்கொள்ளுங்கள். தற்காலிகமாக ஊரை விட்டுப் போனதால் மட்டும் ஒருவர் அந்த ஊரில் வசிப்பவர் அல்லாமல் ஆகிவிட மாட்டார் என்பது அதில் நேரடியாக இருக்கிறது. நடவுக்கும் அறுவடைக்கும் பொங்கலுக்கும் வந்து போகிறவர், குடும்பம் ஊரில் இருக்கிறது என்றால் பெயர் ஊரில் இருக்கலாம். குடும்பத்தோடு திருப்பூரில் ஆண்டுக்கணக்கில் குடியிருந்தால் அங்கே மாற்றிக்கொள்வதே நேர்மை; இரண்டு இடத்திலும் வைத்துக்கொண்டு பொய் உறுதிமொழி கொடுத்தால் 31ஆம் பிரிவில் ஓராண்டு வரை சிறை உண்டு. அடிக்கடி நடக்கும் தவறு வேறு: திருப்பூரில் யாரோ உதவிக்கு வந்து, படிவம் 8க்குப் பதில் படிவம் 6 நிரப்பிவிடுவார்கள். இரட்டைப் பதிவு ஆகும். சரிபார்ப்பில் ஊர்ப் பெயர் போகும், சில நேரம் இரண்டுமே போகும்.

நீக்கம் நடக்கும் முன் தெரிந்துகொள்ள வழி படிவம் 10. ஆட்சேபணை வந்த பெயர்களின் பட்டியல் அது. வாக்காளர் பதிவு அலுவலரின் அறிவிப்புப் பலகையிலும் தலைமைத் தேர்தல் அதிகாரியின் தளத்திலும் வரும். ஊரில் இரண்டு பேர் வாரம் ஒருமுறை இதைப் பார்த்தால் போதும். விளக்கம் சொல்ல வாய்ப்புத் தராமல் பெயரை நீக்கக்கூடாது என்பது 1960ஆம் ஆண்டு வாக்காளர் பதிவு விதிகளில் 21ஏ. நீக்கிவிட்டால் 15 நாளுக்குள் மாவட்ட ஆட்சியரிடம் மேல்முறையீடு, அவர் உத்தரவு மீது 30 நாளுக்குள் தலைமைத் தேர்தல் அதிகாரியிடம். காலம் போய்விட்டதென்றால் வழக்காடிக்கொண்டிருக்காமல் உடனே படிவம் 6 கொடுங்கள். வேட்புமனுவின் கடைசி நாளுக்குப் பிறகு எந்தப் பெயரும் சேராது. ஆட்சேபணைக்கு ஏழு நாள் விட வேண்டும் என்பதால் அதற்குப் பத்து நாளாவது முன்னால் விண்ணப்பம் உள்ளே இருக்க வேண்டும்.

வாய்க்கால் கரைப் புறம்போக்கிலும் மடத்து நிலத்திலும் குடிசை போட்டவர்களிடம் வீட்டு ரசீது இருக்காது. முகவரிச் சான்று இல்லை என்று படிவத்தை வாங்க மறுப்பார்கள். பட்டியலிட்ட ஆவணம் எதுவும் இல்லாவிட்டால் நேரில் வந்து கள ஆய்வு செய்ய வேண்டும் என்பது படிவம் 6இலேயே இருக்கிறது. "கள ஆய்வு கோருகிறேன்" என்று எழுதிக் கொடுங்கள்.

வார்டு பிரிப்பில் இன்னொரு பிழை வரும். ஒரே தெருவின் இடது வரிசை ஒரு வார்டிலும் வலது வரிசை வேறு வார்டிலும் போய், எல்லை வீடுகள் தவறான வார்டில் ஏறிவிடும். ஊராட்சி வாக்காளர் பட்டியல் வெளியானதும் தெருவில் நடந்தே கதவு எண்ணைச் சரிபார்த்து, ஒன்றிய அலுவலகத்தில் எழுத்தில் கொடுங்கள்.

வாக்குப்பதிவு நாள். 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 135பி (135B) பிரிவுப்படி சட்டமன்ற, மக்களவைத் தேர்தலில் தினக்கூலிகள் உட்பட எல்லாத் தொழிலாளிக்கும் சம்பளத்துடன் விடுமுறை. மீறும் முதலாளிக்கு அபராதம் 500 ரூபாய்தான்! ஒரு ஷிப்டின் லாபத்துக்கு முன் இது ஒன்றுமே இல்லை. மேலும் திருப்பூரிலிருந்து முத்துப்பேட்டைப் பக்கம் வந்து ஓட்டுப் போட்டுத் திரும்ப ஒரு பகலும் இரண்டு இரவும் வேண்டும். மனுவில் இதைச் சேருங்கள்: அபராதம் ஆள் ஒன்றுக்குக் கணக்கிடப்பட வேண்டும், சொந்த ஊர் 100 கிலோமீட்டருக்கு மேல் இருப்பவர்களுக்குப் பயண நாளும் சேர வேண்டும்.

சாவடியில் உங்கள் ஓட்டை வேறொருவர் போட்டுவிட்டார் என்றால் திரும்பி வராதீர்கள். அடையாளத்தை நிரூபித்து, ஆய்வுக்குரிய வாக்குச்சீட்டு கேளுங்கள். 1961ஆம் ஆண்டுத் தேர்தல் நடத்தை விதிகளில் 49பி (49P) விதியின் கீழ் அது உரிமை. வேட்பாளரின் முகவராக உட்காருபவர்கள், வாக்குப்பதிவு முடிந்ததும் 17சி படிவத்தின் நகலை வாங்காமல் எழக்கூடாது. எத்தனை ஓட்டு பதிவானது என்பதற்கு உங்கள் கையில் இருக்கும் ஒரே சான்று அதுதான். ஊராட்சித் தேர்தலில் இயந்திரம் இல்லை, நான்கு சீட்டு: வார்டு உறுப்பினருக்கு வெள்ளை, தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியக் குழுவுக்குப் பச்சை, மாவட்ட ஊராட்சிக்கு மஞ்சள். வயதானவர்களுக்கு இதை முன்கூட்டியே காட்டிப் பழக்குங்கள். ஒரே சீட்டில் இரண்டு முத்திரை விழுந்து செல்லாமல் போவது நிறைய.

பதில் 3: களத்துமேடு

வேலை, கூலி.

நூறு நாள் வேலை என்று நாம் சொல்லும் 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் உயிர், எழுத்தில் கேட்ட வேலை. வேலைத்தளத்துக்குப் போய் "எங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்று வாயால் கேட்டால் எந்த உரிமையும் பிறப்பதில்லை. தேதியிட்ட விண்ணப்பம், தேதியிட்ட ரசீது. 15 நாளில் வேலை தராவிட்டால் வேலையில்லாப் படி: முதல் 30 நாளுக்குக் கூலியில் கால் பங்குக்குக் குறையாமல், அதன்பின் பாதிக்குக் குறையாமல். பெண்கள் இருபது பேர் சேர்ந்து ஒரே தாளில், வேலை அட்டை எண்ணோடு விண்ணப்பியுங்கள். ரசீது தர மறுப்பதே இங்கே முதல் தடை; அதற்கும் பதிவுத் தபால்தான் மருந்து.

தமிழ்நாட்டுக்கு 2025-26 கூலி 336 ரூபாய். கைக்கு வருவது குறைகிறது என்றால் காரணம் பெரும்பாலும் அளவு. குழுவாக வெட்டிய மண்ணை ஓவர்சியர் அளந்து, அதை ஆட்களுக்கு வகுப்பார்கள். டெல்டாக் களிமண் காய்ந்தால் பாறை, நனைந்தால் பசை. மணல்சாரி நிலத்துக்குப் போடும் அளவை இங்கே போட்டால் முழுக் கூலி வரவே வராது. எந்த மண் வகை என்று அளவுப் புத்தகத்தில் எழுதியிருக்கிறார்கள் என்று பாருங்கள். அளக்கும்போது குழுவிலிருந்து இருவர் உடன் நிற்க வேண்டும் என்று கிராம சபையில் தீர்மானம் போடுங்கள். வருகை, செயலியில் ஒரு நாளில் இரண்டு முறை படம் எடுத்துப் பதிவாகிறது. கடைமடையில் சிக்னல் இல்லாமல் இரண்டாவது படம் ஏறாவிட்டால் அன்றைய கூலி போகும். பணித்தளப் பொறுப்பாளர் அன்றே தாளில் எழுதி ஒன்றியத்துக்குத் தெரிவித்தால்தான் காப்பாற்ற முடியும். வாரம் முடிந்து பார்த்தால் ஒன்றும் செய்ய இயலாது.

அந்த 2005ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் புதிய சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. அது ஆண்டுக்கு 125 நாள் வேலை என்கிறது; ஆனால் விதைப்பு, அறுவடைக் காலத்தில் ஆண்டுக்கு மொத்தம் 60 நாள் வேலையை நிறுத்தி வைக்கச் சொல்கிறது. எந்த 60 நாள் என்பதை மாநில அரசு பகுதிக்குப் பகுதி வேறு வேறாக அறிவிக்கலாம். நம் ஊர்க்காரர்கள் உடனே பிடித்துக்கொள்ள வேண்டிய இடம் இது. நிறுத்தத்தின் நியாயம், அந்த நாட்களில் வயலில் வேலை இருக்கும் என்பது. டெல்டாவில் அறுவடையை பெல்ட் மெஷின் எடுத்துக்கொண்டது. குறுவையில் நேரடி விதைப்பும் இயந்திர நடவும் பெருகிவிட்டன. தை, மாசி சம்பா அறுவடைக்கு வேலையை நிறுத்தினால் வயலிலும் வேலை இல்லை, திட்டத்திலும் இல்லை என்று ஆகும். கைநடவு இன்னும் நடக்கும் வாரங்கள் எவை, எந்தக் குக்கிராமத்தில் எத்தனை பெண்கள் நடவுக்குப் போகிறார்கள் என்று எண்ணி எடுத்து, "எங்கள் ஊராட்சிக்கு நிறுத்தக் காலம் இன்னது" என்று கிராம சபைத் தீர்மானமாக ஆட்சியருக்கு அனுப்புங்கள்.

கூலி நிர்ணயம் பற்றி ஒன்று. 1968 டிசம்பர் 25 வெண்மணியில் 44 உயிர் போன பிறகுதான் 1969இல் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் கீழத் தஞ்சைக்கு வந்தது. இன்றைக்கு அறுவடை இயந்திர வாடகையை ஆட்சியர் முத்தரப்புக் கூட்டம் போட்டு நிர்ணயிக்கிறார். இயந்திர உரிமையாளர், விவசாயி, அரசு. நடவுக் கூலிக்கும், கொள்முதல் நிலையத்துச் சுமைக் கூலிக்கும் அப்படி ஒரு மேசை, தொழிலாளிக்கு நாற்காலியோடு, பருவத் தொடக்கத்தில் போட வேண்டும். இதற்குப் புதுச் சட்டம்கூட வேண்டாம். ஆட்சியர் நினைத்தால் நடக்கும். மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் கேட்கத் தொடங்கலாம்.

மறு கேள்வி: கோரையாற்றங்கரை

மூவருக்கும் நன்றி. மனு விஷயத்தில் இளைஞர்களிடையே ஒரு கருத்து: சரியில்லாத தலைவரை மக்களே ஓட்டுப் போட்டுத் திரும்ப அழைக்கும் உரிமை வேண்டும். ஹரியானாவில் 2020இல் அப்படிச் சட்டம் கொண்டு வந்தார்களே. அதை முதல் கோரிக்கையாக வைக்கலாமா?

பதில் 4: வெண்ணாறு

வைக்கலாம். இப்போது தலைவரை நீக்கும் அதிகாரம் ஊராட்சிகள் சட்டம் 205ஆம் பிரிவில் ஆட்சியரிடம் இருக்கிறது. தேர்ந்தெடுத்தது மக்கள், நீக்குவது அதிகாரி. அது சரியில்லை.

பதில் 5: வரப்பு

இதில் எனக்கு முழு மாறுபாடு, தோழர். தமிழ்நாட்டில் பாதி இடம் பெண்களுக்கு. தலித்துகளுக்குத் தனி ஒதுக்கீடு. ஒதுக்கீட்டு ஊராட்சிகளில் தலைவர் நாற்காலியில் உட்கார விடாமல், கொடியேற்ற விடாமல் தடுப்பது இந்த மாநிலத்தில் இன்னும் நிற்கவில்லை. அப்படிப்பட்ட ஊரில் திரும்ப அழைக்கும் ஓட்டு யார் கையில் ஆயுதமாகும்? எண்ணிக்கையில் பெரிய சாதி, பதவியேற்ற மறு ஆண்டே தாள் நீட்டும். ஒதுக்கீட்டுத் தலைவருக்குப் பாதுகாப்பு எழுதப்படாமல் அந்தக் கோரிக்கையைத் தொடக்கூடாது. 205ஐத் திருத்தச் சொல்லுங்கள்: நீக்க உத்தரவு ஆட்சியர் தனியாக அல்லாமல் ஒரு நீதித் தீர்ப்பாயம் வழியாக வரட்டும்.

என் கணக்கில் முதல் கோரிக்கை வேறு. தலைவரே இல்லாதபோது யாரைத் திரும்ப அழைப்பது? அரசியலமைப்பு 243இ, ஐந்தாண்டு முடிவதற்குள் அடுத்த தேர்தல் முடிந்திருக்க வேண்டும் என்கிறது. 2016 அக்டோபரில் முடிந்த பதவிக்காலத்துக்கு 2019 டிசம்பரில்தான் தேர்தல் நடந்தது. அந்த இடைவெளியில் மத்திய நிதிக்குழு மானியம் நிறுத்தி வைக்கப்பட்டது. தேர்தல் தள்ளிப்போனால் ஊருக்குப் பணமும் தள்ளிப்போகும். 2025 ஜனவரியில் அதே நிலை. வார்டு எல்லை வரையறை முடியவில்லை என்பது தேர்தலைத் தள்ளக் காரணமாகாது என்று 2022இல் மத்தியப் பிரதேச வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே கோரிக்கை இப்படி இருக்கட்டும்: பதவிக்காலம் முடிய ஒரு வருடம் இருக்கும்போதே வரையறையும் இட ஒதுக்கீட்டுப் பட்டியலும் வெளியாக வேண்டும், வெளியாகாவிட்டால் பழைய வரையறையிலேயே மாநிலத் தேர்தல் ஆணையம் தேதி அறிவிக்கலாம் என்று சட்டத்தில் எழுத வேண்டும். அரசின் அறிவிக்கைக்காக ஆணையம் காத்திருக்கும் வரை ஆணையத்தின் சுதந்திரம் காகிதத்தில்தான்.

இரண்டாவது, வார்டு சபை. கேரளத்தில் ஒவ்வொரு வார்டும் ஒரு கிராம சபை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை, குறைவெண் வாக்காளரில் பத்து சதவீதம். நம் மாநிலத்தில் நகரங்களுக்கு 2022இல் பகுதி சபை கொடுத்தார்கள், கிராமத்துக்கு இல்லை. நான்கு குக்கிராமம் ஒரே பந்தலில் உட்கார்ந்தால் ஊர்த்தெருக் குரல் மேலே, வாய்க்கால் கரைக் குரல் கீழே. வார்டு சபைத் தீர்மானம் கிராம சபைப் பொருளில் தானாக ஏற வேண்டும் என்று கேளுங்கள்.

மூன்றாவது, முந்தைய தீர்மானங்கள் மீதான நடவடிக்கை அறிக்கையை எழுத்தில் வைக்காமல் அடுத்த கிராம சபையைத் தொடங்கக்கூடாது என்ற விதி. வெண்ணாறு மாதிரித் தீர்மானத்தில் போட்டது அதே வாசகம்தான். விதியாக வந்தால் ஒவ்வொரு ஊரும் தனித்தனியாகப் போராட வேண்டியதில்லை.

பதில் 6: வெண்ணாறு

ஒதுக்கீட்டுத் தலைவர்கள் பற்றிச் சொன்னது சரி. அந்தக் கோணத்தை விட்டுவிட்டேன். திரும்ப அழைத்தலை மனுவிலிருந்து எடுத்துவிடலாம். 205ஆம் பிரிவுத் திருத்தம் போதும்.

மனுவின் வடிவம் பற்றிக் கடைசியாக. இரண்டு பக்கத்துக்கு மேல் வேண்டாம். மாநிலத் தேர்தல் ஆணையர், ஊரக வளர்ச்சித் துறைச் செயலர், தொகுதிச் சட்டமன்ற உறுப்பினர், மாவட்ட ஆட்சியர் என நான்கு பிரதி. கூலிக்கான முத்தரப்புக் கோரிக்கையைத் தனித் தாளில் ஆட்சியருக்கு மட்டும் கொடுங்கள். சட்டத் திருத்தத்தோடு கலந்தால் "அரசின் கொள்கை முடிவு" என்று அதுவும் மேலே அனுப்பப்பட்டு நின்றுவிடும். மனுவின் சாரத்தை அடுத்த கிராம சபையில் தீர்மானமாக்கி அதன் நகலை இணையுங்கள்.

கையெழுத்துத் தாள் ஒவ்வொன்றின் தலையிலும் மனுவின் தலைப்பையும் கோரிக்கைகளையும் நான்கு வரியில் அச்சிடுங்கள். தாளுக்கு 20 பேர், பக்க எண்ணோடு. பெயர், தெரு, வாக்காளர் பட்டியல் வரிசை எண், கையெழுத்து அல்லது ரேகை. ரேகை வைப்பவருக்கு வாசித்துக் காட்டியவர் பக்கத்திலேயே தன் பெயரை எழுத வேண்டும். தலைப்பில்லாத கையெழுத்துத் தாளை ஊரில் யாரிடமும் விட்டு வைக்காதீர்கள். அது வேறு எதன் பின்னாலும் இணைக்கப்படலாம்.